அச்சுக்குப் போகும் முன்

திருச்சானூருக்கு வரும் தமிழ்ப் பக்தர் தன் கையிலுள்ள கையேட்டிடம் கேள்வி கேட்க முடியாது. பஞ்சமி தீர்த்தம் என்றைக்கு, முதலில் மலையேறுவதா தாயாரை வணங்குவதா, குளக்கரையில் இருக்கும் கோயில் யாருடையது என்ற கேள்விகளுக்கெல்லாம் அதில் என்ன அச்சாகியிருக்கிறதோ அதுதான் அவருக்குக் கிடைக்கும் விடை. எழுதியவர் பக்கத்தில் இல்லை. நேரில் பேசும்போது கேட்பவரின் முகம் சற்றுச் சுருங்கினாலே நாம் மாற்றிச் சொல்லிவிடுகிறோம். எழுத்தில் அந்த வாய்ப்பு கிடையாது. அந்த முகச்சுருக்கத்தை முன்கூட்டியே கண்டுபிடித்து, எழுதியதை அதற்கேற்ப மாற்றும் வேலைதான் திருத்தி எழுதுதல்.

பலர் இதைப் பிழைதிருத்தம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒற்று மிகுமா மிகாதா, றகரமா ரகரமா என்று பார்ப்பதோடு வேலை முடிந்ததாகக் கருதுகிறார்கள். அது கடைசியில் செய்ய வேண்டியது. முதலிலேயே எழுத்துப் பிழைகளைச் சரிசெய்துவிட்டால் அந்த வாக்கியத்தின் மேல் ஒரு பற்று வந்துவிடும். பிறகு அந்த வாக்கியமே வேண்டாம் என்று தெரிந்தாலும் நீக்க மனம் வராது. ஆகவே இந்த இயலில் வேலையைத் தலைகீழாக வைக்கிறோம். முதலில் பொருள், பிறகு தகவல், பிறகு வாக்கியம், எல்லாவற்றுக்கும் பிறகு எழுத்து.

ஒரு மாதிரி வரைவு

பேசிக்கொண்டே போவதைவிட ஒரு பத்தியை எடுத்துக்கொண்டு வேலை செய்வது பயன் தரும். கீழே உள்ளது இந்த இயலுக்காகவே அமைத்த மாதிரி. ஆனால் இதன் சாயலில் எழுதப்பட்ட தலக் குறிப்புகளை எந்தக் கோயில் ஊரிலும் பார்க்கலாம்.

“ஆந்திர மாநிலம் சித்தூர் மாவட்டத்தில் திருப்பதிக்கு மிக அருகில் அமைந்துள்ள திருச்சானூர் மிகச் சிறப்பு வாய்ந்த, உலகப் புகழ்பெற்ற, பழமையான திருத்தலமாகும். அலர்மேல்மங்காபுரம் என்றும் அழைக்கப்படும் இத்திருத்தலத்தில் பத்மாவதித் தாயார் எழுந்தருளி அருள்பாலித்து வருகிறார். தாயாரைத் தரிசித்த பிறகே திருமலைக்குச் செல்ல வேண்டும். இங்கு கார்த்திகை மாதத்தில் பிரம்மோற்சவம் சிறப்பாக நடைபெறும். திருமலை தரிசனம் முடித்துவிட்டு இங்கு வருவது மிகவும் விசேஷம். குளக்கறையில் சூரியநாராயணர் கோயிலும் உள்ளது, அதில் நீராடுவது புண்ணியம். பழமையான இத்தலத்துக்கு அனைவரும் வந்து அருள் பெற வேண்டும்.”

இதை எழுதியவர் பக்தியுள்ளவர், ஊரை அறிந்தவர். ஆனாலும் படிப்பவர் இதை வைத்துக்கொண்டு ஒரு பயணத்தைத் திட்டமிட முடியாது. எங்கே கோளாறு என்று சொல்ல நமக்கு வெளியிலிருந்து அளவுகோல் எதுவும் தேவையில்லை. 13-ஆம் நூற்றாண்டில், சீயகங்கன் என்ற கங்க மன்னன் கேட்டுக்கொண்டதற்கிணங்கப் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பொதுப்பாயிரம் ஒரு நூலில் இருக்கக்கூடாத குற்றங்கள் பத்தும் இருக்க வேண்டிய அழகுகள் பத்தும் சொல்கிறது. அவற்றில் சில அதற்கும் வெகு முன்பே தொல்காப்பிய மரபியலில் இடம்பெற்றவை. பள்ளியில் மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கியதோடு இந்தப் பட்டியலை மறந்துவிடுகிறோம். அது தேர்வுக்கான பாடமாக எழுதப்பட்டதல்ல, எழுதுகிறவன் தன் எழுத்தையே சோதித்துப் பார்க்கும் கருவி. பேனாவைக் கையில் எடுத்துக்கொண்டு அதை நம் மாதிரியின் மேல் வைத்துப் பார்ப்போம்.

‘மிக அருகில்’ என்பது குன்றக் கூறல். திருப்பதி நகரிலிருந்து திருச்சானூர் சுமார் 5 கி.மீ. வயதான தாயை அழைத்து வருகிறவருக்கு அந்த எண்தான் வேண்டும். நடக்கலாமா, ஆட்டோ பிடிக்க வேண்டுமா என்பதை ‘மிக அருகில்’ சொல்லாது.

‘மிகச் சிறப்பு வாய்ந்த, உலகப் புகழ்பெற்ற, பழமையான’ என்ற தொடரில் வெற்றெனத் தொடுத்தலும் உண்டு, மிகைபடக் கூறலும் உண்டு. ஊரின் பெயரை எடுத்துவிட்டு வேறெந்த ஊரின் பெயரை வைத்தாலும் அந்தத் தொடர் அப்படியே பொருந்தும். இது ஒரு நல்ல சோதனை. எந்த அடைமொழியையும் இப்படிப் பெயர் மாற்றிப் பாருங்கள். எங்கும் பொருந்துகிற அடைமொழி இங்கே எதையும் சொல்லவில்லை என்று பொருள். ‘பழமையான’ கடைசி வாக்கியத்தில் மீண்டும் வருகிறது. அது கூறியது கூறல்.

மாறுகொளக் கூறல்தான் இந்தப் பத்தியின் பெரிய குற்றம். தாயாரைத் தரிசித்த பிறகே மலைக்குப் போக வேண்டும் என்று ஓரிடத்தில் சொல்லிவிட்டு, மலை தரிசனம் முடித்துவிட்டு இங்கே வருவது விசேஷம் என்று இரண்டு வாக்கியங்கள் தள்ளிச் சொல்கிறது. எழுதியவர் மனத்தில் முரண்பாடு இல்லை. மரபு முந்தையது என்பதும், வசதிக்காகப் பலர் பிந்தையதைச் செய்கிறார்கள் என்பதும் அவருக்குத் தெரியும். அந்த விளக்கம் அவர் தலைக்குள்ளேயே தங்கிவிட்டது, தாளுக்கு வரவில்லை. வரைவுகளில் வரும் முரண்பாடுகளில் பெரும்பாலானவை இந்த வகைதான். ஆகவே முரண்பாட்டைக் கண்டால் உடனே ஒன்றை அடித்துவிடாதீர்கள். இரண்டுக்கும் நடுவே விடுபட்டுப்போன வாக்கியம் எது என்று தேடுங்கள்.

‘அதில் நீராடுவது’ என்பது மயங்க வைத்தல். எதில்? வாக்கியத்தின்படி சூரியநாராயணர் கோயிலில். வாசகர் குளத்தைத்தான் புரிந்துகொள்வார், ஆனால் ஒரு கணம் தடுக்கி விழுந்த பிறகே புரிந்துகொள்வார். ‘அது, இது, அங்கு, இவர்’ என்று வரும் ஒவ்வொரு சுட்டுச் சொல்லுக்கும் கீழே கோடிட்டு, அது எதைச் சுட்டுகிறது என்று விரல் வைத்துக் காட்ட முடிகிறதா என்று பாருங்கள்.

கடைசி வாக்கியம் சென்று தேய்ந்து இறுதல். சொல்ல வந்தது முடிந்த பிறகு, எப்படி நிறுத்துவது என்று தெரியாமல் வந்து ஒட்டிக்கொண்ட வாக்கியம். திருத்தும்போது பத்தியின் கடைசி வாக்கியத்தைக் கையால் மறைத்துவிட்டுப் படியுங்கள். எதுவும் குறையவில்லை என்றால் அது போகட்டும்.

‘எழுந்தருளி அருள்பாலித்து வருகிறார்’ என்பதை நான் தொடவில்லை. கோயிலைப் பற்றி எழுதும்போது வணக்கத்துக்கென்று ஒரு மொழி நம்மிடம் உண்டு. அதை முற்றிலும் கழித்துவிட்டு எழுதினால் அரசு அலுவலகக் குறிப்புப் போல ஆகிவிடும். ஒருமுறை வரட்டும். ஒவ்வொரு வாக்கியத்திலும் வந்தால்தான் மிகை.

தகவலுக்கென்று தனியாக ஒரு முறை

மேலே பார்த்த குற்றங்கள் எல்லாம் தாளை உற்றுப் பார்த்தாலே தெரிபவை. தகவல் பிழை அப்படித் தெரியாது. வாக்கியம் அழகாக இருக்கும், தகவல் தவறாக இருக்கும். எனவே தகவலைச் சரிபார்ப்பதற்கென்று வரைவைத் தனியாக ஒருமுறை படியுங்கள். அப்போது நடையைப் பார்க்காதீர்கள். ஊர்ப் பெயர், ஆள் பெயர், எண், தேதி, தொலைவு, திசை ஆகிய ஒவ்வொன்றையும் வட்டமிட்டு, ‘இது எனக்கு எப்படித் தெரியும்?’ என்று கேளுங்கள். பார்த்துத் தெரியும், படித்துத் தெரியும், கேட்டுத் தெரியும், எப்போதோ தெரியும் என்று விடைகள் நான்கு வகையாக வரும். கடைசி வகைதான் ஆபத்து.

மாதிரியின் முதல் வரியிலேயே அப்படி ஒன்று இருக்கிறது. திருச்சானூர் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது உண்மை. 2022 ஏப்ரல் 4-ஆம் தேதி ஆந்திரத்தில் மாவட்டங்கள் மறுசீரமைக்கப்பட்டபோது திருப்பதி தனி மாவட்டமானது. திருச்சானூர் இப்போது அந்த மாவட்டத்தில் இருக்கிறது. பழைய கையேட்டைப் பார்த்துப் புதிய கையேடு எழுதுகிறவர்கள் பழைய மாவட்டத்தையும் சேர்த்தே எடுத்து எழுதிவிடுகிறார்கள். ஒரு காலத்தில் சரியாக இருந்த தகவலை யாரும் சந்தேகிப்பதில்லை. அதனாலேயே அதைத் தனியாகத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

இதைவிட நுட்பமானது ‘கார்த்திகை மாதத்தில் பிரம்மோற்சவம்’ என்ற தொடர். திருச்சானூரில் இரண்டு பஞ்சாங்கங்கள் ஒன்றாக வாழ்கின்றன. தமிழ் மாதம் சூரியனைக் கொண்டு கணக்கிடப்படுவது. தெலுங்கு மாதம் சந்திரனைக் கொண்டு கணக்கிடப்படுவது, அமாவாசைக்கு மறுநாள் தொடங்குவது. இரண்டிலும் கார்த்திகை உண்டு, ஆனால் இரண்டும் ஒரே நாட்கள் அல்ல. பிரம்மோற்சவத்தின் நிறைவு நாள் பஞ்சமி தீர்த்தம், வளர்பிறைப் பஞ்சமியில் வருவது. 2022-இல் அது நவம்பர் 28, 2023-இல் நவம்பர் 18, 2024-இல் டிசம்பர் 6. மூன்றுமே தமிழ்க் கார்த்திகைக்குள் விழுந்தவை. 2024-இல் தெலுங்குக் கார்த்திக மாதத்துப் பஞ்சமியைத் தேடியிருந்தால் நவம்பர் 6 கிடைத்திருக்கும். சரியாக ஒரு மாதம் முன்பு. வேலூரிலிருந்தோ திருத்தணியிலிருந்தோ வருகிறவர் வீட்டில் தமிழ் நாள்காட்டி தொங்கும். திருப்பதியிலேயே வாழும் தமிழர் வீட்டில் தெலுங்கு நாள்காட்டியும் தொங்கலாம். ‘கார்த்திகைப் பஞ்சமி’ என்று மட்டும் எழுதினால் இரண்டு வீட்டிலும் இரண்டு தேதியைக் குறித்துக்கொள்வார்கள்.

அதோடு நிற்கவில்லை. 2023-இல் விழா நவம்பர் 10-ஆம் தேதி தொடங்கியது. அது தமிழ்க் கணக்கில் ஐப்பசி. ஆகவே ‘கார்த்திகையில் பிரம்மோற்சவம்’ என்பதுகூட எல்லா ஆண்டுகளுக்கும் முழுதாகப் பொருந்தாது. நிறைவு நாள் கார்த்திகையில் வருகிறது, விழா அதற்கு எட்டு நாள் முன்பு தொடங்குகிறது என்று எழுதுவதே சரி. ஐந்து ஆண்டுகள் விற்பனையில் இருக்கப்போகும் கையேட்டில் ஓராண்டின் தேதியை மட்டும் போட்டு வைப்பதும் தவறாகிவிடும். தேதி மாறும் என்பதையும், எந்த ஆண்டின் தேதி அது என்பதையும் சேர்த்து எழுத வேண்டும்.

இது ஒரு சிறிய விஷயமாகத் தோன்றலாம். பஞ்சமி தீர்த்தத்தன்று திருமலையிலிருந்து தாயாருக்குச் சீர்வரிசை வருகிறது. பட்டு, மஞ்சள், குங்குமம் முதலியவை ஊர்வலமாகக் கொண்டுவரப்படும் அந்தக் காட்சிக்காகவும் திருக்குளத்தில் முழுகுவதற்காகவும் வருகிறவர்கள் ஏராளம். ஒரு குடும்பம் விடுப்பு எடுத்து, வண்டி பேசி, குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு தவறான நாளில் வந்து நின்றால், அவர்கள் இழந்த நாளை எழுதியவர் திருப்பித் தர முடியாது. திருத்துவதற்குச் செலவாகும் அரை மணி நேரத்தை அந்த நாளோடு சேர்த்து வைத்துப் பார்த்தால், அதைச் செலவு என்று சொல்லவே தோன்றாது.

தகவலைக் குறைவின்றிச் சொல்வது எப்படி என்பதற்குத் தூரத்தில் போய்த் தேட வேண்டாம். திருமலை, திருப்பதி, திருச்சானூர் கோயில்களின் கல்வெட்டுகளைச் சாது சுப்பிரமணிய சாஸ்திரியும் பிறரும் படித்தெடுக்க, தேவஸ்தானம் 1930-களில் தொகுதிகளாக வெளியிட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட அந்தக் கல்வெட்டுகளில் மிகப் பெரும்பாலானவை தமிழ். திருமலைக் கோயிலுக்கு வெள்ளித் திருமேனி அளித்த சாமவை என்ற பல்லவ அரசியின் கல்வெட்டைப் பாருங்கள். கொடுத்தது யார், என்னென்ன அணிகலன், எவ்வளவு நிலம், எந்த விழாவுக்கு என்று ஒவ்வொன்றாக வருகிறது. பின்னால் வருகிறவர் ‘அப்படியென்றால் என்ன?’ என்று கேட்க இடம் வைக்கவில்லை. கல்லில் உளி இறங்கிய பிறகு திருத்த முடியாது என்று தெரிந்தவர்கள் இறங்குவதற்கு முன்பே எல்லாவற்றையும் யோசித்திருக்கிறார்கள். கைப்பேசியில் ஒரு பொத்தானைத் தொட்டு அனுப்பும் நமக்கும் நிலைமை வேறல்ல. நூறு பேருக்குப் போய், அவர்கள் நூறு பேருக்கு அனுப்பிய பிறகு அதுவும் திரும்பி வராது.

பார்க்காமல் மறுபடி எழுதிப் பாருங்கள்

வைணவ உரை மரபில் ஒரு செய்தி வழங்குகிறது. நஞ்சீயர் திருவாய்மொழிக்கு ஒன்பதினாயிரப்படி உரை எழுதி, அதைப் படி எடுத்துத் தரும்படி வரதராசர் என்ற சீடரிடம் கொடுத்தார். அவர் சுவடியைத் தலையில் கட்டிக்கொண்டு காவிரியை நீந்திக் கடக்கையில் வெள்ளம் சுவடியை அடித்துக்கொண்டு போய்விட்டது. ஆசிரியரிடம் கேட்டிருந்ததை நினைவில் கொண்டுவந்து அவர் முழு உரையையும் புதிதாக எழுதினார். படித்துப் பார்த்த நஞ்சீயர், தான் எழுதியதைவிடச் சில இடங்களில் பொருள் சிறந்திருப்பதைக் கண்டு மகிழ்ந்து, அவரை ‘நம்பிள்ளை’ என்று அணைத்துக்கொண்டார். அந்தப் பெயரே அவருக்கு நிலைத்தது.

இதில் எழுதுகிறவர்களுக்கு ஒரு நடைமுறைப் பாடம் இருக்கிறது. சுவடி ஆற்றோடு போக வேண்டியதில்லை. வரைவை ஓர் இரவாவது எடுத்து வையுங்கள். மறுநாள் அதைத் திறக்காமல், அதில் முக்கியமான பத்தியை மட்டும் வெற்றுத் தாளில் நினைவிலிருந்து எழுதுங்கள். பிறகு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நினைவுக்கு வராமல் போனவை பெரும்பாலும் தேவையற்ற அடைமொழிகளாகவும் சுற்றி வளைத்த முன்னுரையாகவும் இருக்கும். நினைவிலிருந்து எழுதியதில் புதிதாக வந்து சேர்ந்த ஒரு வாக்கியம், முதல் வரைவில் விடுபட்டிருந்த இணைப்பாக இருக்கும். நீளமான கட்டுரை முழுவதற்கும் இப்படிச் செய்ய வேண்டாம். தொடக்கப் பத்திக்கும், சொல்லச் சிரமப்பட்ட ஒரு பத்திக்கும் செய்தால் போதும்.

அவசரமாக அனுப்ப வேண்டிய அறிவிப்புக்கு ஓர் இரவு கிடைக்காது. அப்போது இடத்தை மாற்றுங்கள். திரையில் எழுதியதைத் தாளில் எடுத்துப் படியுங்கள், அல்லது எழுத்தின் அளவை மாற்றிப் படியுங்கள், அல்லது வாய்விட்டுப் படியுங்கள். மூன்றில் வாய்விட்டுப் படிப்பதே எனக்கு உயர்ந்ததாகத் தோன்றுகிறது. மூச்சு முட்டும் இடத்தில் வாக்கியம் நீண்டிருக்கிறது. நாக்கு தடுமாறும் இடத்தில் சொற்கள் சரியாக அமரவில்லை. ஓசையுடைமை என்று நன்னூல் சொல்லும் அழகு செய்யுளுக்கு மட்டும் உரியதன்று.

நிறுத்தச் சொல்லும் ஒருவர்

எவ்வளவு திருத்தினாலும் நம் தலைக்குள் இருப்பது தாளிலும் இருப்பதாகவே நமக்குப் படும். இதைத் தாண்ட இன்னொருவர் வேண்டும். தொல்காப்பியத்தின் சிறப்புப்பாயிரம், அந்த நூல் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில் அதங்கோட்டு ஆசானுக்குக் குற்றமறக் காட்டப்பட்டதாகச் சொல்கிறது. அரங்கேற்றம் என்றால் இன்று மாலை மரியாதையோடு நடக்கும் விழா என்றுதான் நினைக்கிறோம். கேட்பவர் கேள்வி கேட்கவும், எழுதியவர் விடை சொல்லவும், விடை இல்லையென்றால் மாற்றவும் கூட்டப்பட்ட அவை அது.

அந்த அவையைவிட நமக்குப் பயன்படும் முன்மாதிரி இராமானுசர். பிரம்ம சூத்திரத்துக்கு அவர் ஸ்ரீபாஷ்யம் சொல்லச் சொல்லக் கூரத்தாழ்வான் எழுதினார். எழுதத் தொடங்கும்போதே ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். தான் சொல்வது பொருந்தவில்லை என்று ஆழ்வானுக்குப் பட்டால் எழுதாமல் நிறுத்திவிட வேண்டும். ஆன்மாவின் இயல்பைச் சொல்லும் இடத்தில் இராமானுசர் அறிவை மட்டும் சொல்லி, இறைவனுக்கு அடிமையாய் இருக்கும் தன்மையைச் சொல்லாமல் கடந்தபோது ஆழ்வான் எழுத்தாணியை நிறுத்தினார். இராமானுசருக்குக் கோபம் வந்தது, கடிந்துகொண்டார். ஆழ்வான் அசையவில்லை. பின்பு யோசித்த இராமானுசர் ஆழ்வான் நிறுத்தியது சரியே என்று உணர்ந்து, விட்டதைச் சேர்த்து மேலே சொன்னார் என்பது குரு பரம்பரைச் செய்தி.

இதில் கவனிக்க வேண்டியவை மூன்று. முன்கூட்டியே அனுமதி கொடுத்தது ஒன்று. நம் எழுத்தை யாரிடமாவது காட்டும்போது ‘எப்படி இருக்கு?’ என்று கேட்டால் ‘நல்லா இருக்கு’ என்றுதான் விடை வரும். ‘எங்கே புரியலையோ அங்கே ஒரு கோடு போடு, காரணம் சொல்ல வேண்டாம்’ என்று சொல்லிக் கொடுத்தால் அவருக்கும் எளிது, நமக்கும் பயன். இரண்டாவது, ஆழ்வான் திருத்தம் எழுதித் தரவில்லை. நிறுத்தினார், அவ்வளவுதான். இடத்தைக் காட்டுவது வாசகர் வேலை, மாற்றுவது எழுதியவர் வேலை. முதல் வாசகர் சொல்லும் மாற்று வாக்கியத்தை அப்படியே எடுத்துப் போட்டுக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் அவர் கோடிட்ட இடத்தில் ஏதோ ஒன்று சரியில்லை என்பதை மறுக்காதீர்கள். மூன்றாவது, இராமானுசருக்கும் கோபம் வந்தது. நமக்கும் வரும். கோபம் வந்த அன்றைக்கே பதில் சொல்லாமல் மறுநாள் அந்த இடத்தைப் பாருங்கள்.

யாரைத் தேர்ந்தெடுப்பது? நம் கையேட்டுக்குத் திருப்பதியிலேயே பிறந்து வளர்ந்த நண்பரிடம் காட்டினால் தகவல் பிழை பிடிபடும். திருச்சானூரை ஒருமுறைகூடப் பார்க்காத ஒருவரிடம், திருநெல்வேலியிலோ பாளையங்கோட்டையிலோ இருக்கும் ஓர் அத்தையிடம் காட்டினால் விளக்கக் குறைவு பிடிபடும். இருவரும் வேண்டும். ‘ஆர்ஜித சேவை’ என்று எழுதினால் முதலாமவர் நிற்கமாட்டார், அத்தை நின்றுவிடுவார். கட்டணம் கட்டிக் கலந்துகொள்ளும் சேவை என்று அங்கே ஒரு விளக்கம் சேர்க்க வேண்டும் என்பது அப்போதுதான் தெரியும்.

எழுத்தும் ஒற்றும்

இப்போது பிழைதிருத்தம். சுருக்கமாகவே சொல்லலாம். ஒலிவழித் தட்டச்சிலும் பேசி எழுத வைக்கும் செயலிகளிலும் ல-ள-ழ, ண-ன-ந, ர-ற குழப்பங்கள் மிகுதி. தவறான சொல்லும் ஒரு சொல்லாகவே இருந்தால் சொற்பிழை திருத்தி கண்டுகொள்ளாது. நம் மாதிரியில் ‘குளக்கறை’ என்று இருந்ததைக் கவனித்திருப்பீர்கள், கரை என்பது கறையாகிவிட்டது. பழைய எழுத்துருவிலிருந்து ஒருங்குறிக்கு மாற்றிய கோப்பு என்றால் கொம்பும் காலும் இடம் மாறியிருக்கின்றனவா என்று தனியாகப் பாருங்கள். ஒற்று வெறும் அலங்காரமல்ல. ‘வேலை கொடு’ என்பதும் ‘வேலைக் கொடு’ என்பதும் கேட்பது வேறு வேறு பொருளை. வாக்கியங்களைக் கடைசியிலிருந்து முதலுக்குப் போகும் வரிசையில் படித்தால் பொருளின் ஓட்டம் கண்ணை இழுத்துக்கொண்டு போகாது, எழுத்து எழுத்தாகத் தெரியும்.

தலைப்பு, பெரிய எழுத்தில் வரும் வரிகள், படங்களுக்குக் கீழே வரும் வரி, தொலைபேசி எண் இவை நான்கையும் வேறொருவர் பார்ப்பார் என்று எல்லாரும் விட்டுவிடுவார்கள். பெரிய எழுத்தில் இருப்பதாலேயே அது சரியாக இருக்கும் என்று கண் நம்பிவிடுகிறது. கடைசியாக அவற்றை மட்டும் ஒருமுறை பாருங்கள்.

திருத்திய பத்தி

“திருச்சானூர், திருப்பதி நகரிலிருந்து சுமார் 5 கி.மீ. தொலைவில் உள்ளது. அலர்மேல்மங்காபுரம் என்பதும் இவ்வூரே. இங்கே பத்மாவதித் தாயார் எழுந்தருளியிருக்கிறார். தாயாரை வணங்கிவிட்டுத் திருமலை ஏறுவது வழக்கம். அதற்கு நேரம் அமையாதவர்கள் மலையிலிருந்து இறங்கிய பிறகும் வந்து வணங்குகிறார்கள். கோயில் வளாகத்துக்குள் கிருஷ்ணருக்கும் சுந்தரராஜப் பெருமாளுக்கும் தனிக் கோயில்கள் உண்டு. திருக்குளத்தின் பெயர் பத்ம சரோவரம். அதன் கரையில் சூரியநாராயணர் கோயில் இருக்கிறது. ஆண்டுப் பிரம்மோற்சவம் ஒன்பது நாள். நிறைவு நாளான பஞ்சமி தீர்த்தம் தமிழ்க் கார்த்திகை மாத வளர்பிறைப் பஞ்சமியில் வரும் (2024-இல் டிசம்பர் 6). அன்று திருமலையிலிருந்து தாயாருக்குச் சீர்வரிசை வருகிறது, பக்தர்கள் திருக்குளத்தில் நீராடுகிறார்கள். தேதி ஆண்டுதோறும் மாறும். கிளம்பும் முன் தேவஸ்தான அறிவிப்பைப் பாருங்கள்.”

நீளம் கூடியிருக்கிறது என்பதைக் கவனியுங்கள். திருத்தினால் சுருங்கும் என்று பொதுவாகச் சொல்வார்கள். அடைமொழிகள் போன இடத்தில் தகவல் வந்து உட்கார்ந்தால் எழுத்து நீளும், அதில் தவறில்லை. சுருங்கச் சொல்லல் என்பது சொற்களை எண்ணிக் குறைப்பதன்று. வீணாக ஒரு சொல்லும் நிற்காமல் பார்ப்பது. இதற்கு மேலும் இந்தப் பத்தியை நகாசு செய்துகொண்டே போகலாம். ‘இருக்கிறது’ என்பதை ‘உள்ளது’ என்று மாற்றி, மறுநாள் பழையபடி ‘இருக்கிறது’ ஆக்கத் தொடங்கினால் வேலை முடிந்துவிட்டது என்று அறிந்துகொண்டு அனுப்பிவிடுங்கள்.

அனுப்பிய பிறகு

உ.வே.சாமிநாதையர் சீவக சிந்தாமணியை 1887-இல் பதிப்பித்தார். இரண்டாம் பதிப்பு வர 1907 ஆயிற்று, மூன்றாவது 1922-இல் வந்தது. புறநானூறு 1894-இல் முதலில் வந்து 1923-இலும் 1935-இலும் மீண்டும் வந்தது. ஏடு தேடி ஊர் ஊராகப் போய், பிரதிகளை ஒப்பிட்டுப் பார்த்து அச்சேற்றியவர் அவர். அச்சான பிறகும் அந்த வேலையை விடவில்லை. புதிய ஏடு கிடைத்தால், புதிய பாடம் தெரிந்தால் அடுத்த பதிப்பில் சேர்த்தார்.

உங்கள் கையேடு அச்சாகி வந்ததும் ஒரு பிரதியை எடுத்து அதன் அட்டையில் ‘திருத்தப் பிரதி’ என்று எழுதி விற்காமல் வைத்துக்கொள்ளுங்கள். படித்தவர்கள் கேட்கும் ஒவ்வொரு கேள்வியையும், உரிய பக்கத்தின் ஓரத்தில், கேட்ட நாளோடு பென்சிலால் குறியுங்கள். ஒரே இடத்தில் மூன்று பேர் கேட்டிருந்தால் அடுத்த பதிப்பு வரும்வரை காத்திருக்க வேண்டாம், ஒரு சிறு திருத்தச் சீட்டு அச்சிட்டு இருக்கும் பிரதிகளில் வையுங்கள். தேதியோ தொலைபேசி எண்ணோ தவறிப்போய் கைப்பேசி வழியாகத் திருத்தம் அனுப்ப நேர்ந்தால், பழைய தவறான தேதியை அந்தச் செய்தியில் மறுபடியும் எழுதாதீர்கள். அவசரமாகப் பார்ப்பவர் கண்ணில் எது முதலில் படுகிறதோ அதுதான் மனத்தில் தங்கும். சரியான தேதியை முதல் வரியில், கிழமையோடு எழுதி, இது திருத்தம் என்பதை அடுத்த வரியில் சொல்லுங்கள்.